விசுக்கோத்துப் பேணி

காரின் சைலன்சர் உடைந்தால் என்ன செய்யவேண்டும் என்று கேட்டால் இன்றைக்கு எங்கள் பிள்ளைகள் ஒரே வசனத்தில் பதில் சொல்லிவிடுவார்கள்: கராஜில் கொண்டுபோய் விடவேண்டும். 1993 மார்ச் மாதத்தில் அந்த வசனத்தின் விலை எங்களுக்கு 380 மார்க். காரின் விலையே 600 மார்க்தான். ஆளுக்கு 200 போட்டு மூன்றுபேர் வாங்கியது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று சொல்லிச் சிரித்துவிட்டு, நாங்களே பார்த்துக்கொள்வோம் என்று தீர்மானித்தோம்.

மூன்றுபேர் என்றது பேர்லின் நொய்க்கோல்னில் ஓர் அறையும் குசினியுமாகக் குடியிருந்த எங்களை. அண்ணை எங்களில் மூத்தவர். அகதியென்று ஏற்றுக்கொள்ளப்பட்டவரும் சாரதிப் பத்திரம் வைத்திருந்தவரும் அவர் ஒருவரே. அடுத்தவர் ஸ்ரான்லி. அது அவருடைய பெயரல்ல. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒரு கராஜில் எட்டு வருடம் வேலை செய்தவர் என்பதால் நாங்கள் வைத்த பட்டம். மூன்றாவது ஆள் கடைக்குட்டி, பத்தொன்பது வயது. இவர்கள் இருவரினதும் அசூல் வழக்கு அப்போது முடிந்திருக்கவில்லை. எங்களில் யார் இதை எழுதுகிறோம் என்பது முக்கியமில்லை. மூன்றுபேரும் இருந்து கதைத்துச் சரிபார்த்துத்தான் எழுதுகிறோம்.

கார் வாங்கியதற்குக் காரணம் அண்ணையின் மனைவியும் மகளும். 1985இல் அண்ணை வெளிக்கிட்டபோது அக்காவுக்கு ஐந்து மாதம். மகளுக்கு இப்போது ஏழு வயது. அவர் பிள்ளையைக் கண்டதேயில்லை. மொஸ்கோவில் மாறி ஷோனெஃபெல்டுக்கு வரும் விமானத்தில் இருவருக்கும் இடம் கிடைத்திருந்தது. விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் ரயில் ஓடுகிறது. அதில் கூட்டிவந்திருக்கலாம். ஆனால் எட்டு வருடம் ஜேர்மனியில் இருந்த மனிசன், பெண்சாதி பிள்ளையைச் சொந்தக் காரில் ஏற்றவேண்டும் என்று நினைத்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். இதில் புத்தி என்று ஒன்றுமில்லை.

சைலன்சர் வெளிப்பார்வைக்கு ஒரு தகரப் பேணிதான். உள்ளேதான் விஷயம். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால் வினாடிக்கு 100 வெடி வெடிக்கிறது. அந்த நூறு வெடியும் ஓட்டைபோட்ட குழாய்களுக்குள்ளும் அறைகளுக்குள்ளும் மோதி மோதித் தங்களைத் தாங்களே அமத்திக்கொண்டு வெளியே வருகின்றன. வெடிகளோடு தண்ணீரும் வருகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாக வரும் என்று ஸ்ரான்லி சொன்னபோது நாங்கள் நம்பவில்லை. பிறகு கணக்குப் பார்த்தோம், சரிதான். நீண்ட தூரம் ஓடுகிற காரில் சைலன்சர் சூடேறி அந்த ஈரம் போய்விடும். எங்களுடையதோ இரவில் ரெஸ்ரோரண்டுக்கும் விடியப்புறம் பேப்பர் போடவும் இரண்டு மூன்று கிலோமீற்றர் ஓடுகிற கார். தண்ணீர் உள்ளேயே தங்கிப் புளித்துத் தகரத்தைத் தின்றது. வெளியிலிருந்து பனிக்காலத்து உப்பு தின்றது. பதினாலு வயதுக் காருக்கு இரண்டு பக்கத்தாலும் சாப்பாடு.

முதலில் உறுமல். பிறகு கடைக்குட்டிக்குத் தலையிடி. அவன்தான் எப்போதும் பின்சீற்றில் இருப்பவன். நித்திரைக் குறைவு என்று நாங்கள் சொன்னோம். ஸ்ரான்லி காருக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பி, சிரிக்காமல் சொன்னார்: "ஓட்டை பின்சீற்றுக்கு நேர கீழை. சீற்றுக்குக் கீழையும் தகரம் கறள். புகை உள்ளுக்கை வருது. மணக்கிற புகையெண்டால் பயமில்லை. மணக்காததுதான் ஆளைக் கொல்லும்." காபன் மொனொக்சைட்டைத்தான் சொன்னார். மணமில்லை, நிறமில்லை. தலையிடி, சத்தி, நித்திரை. அந்தப் பின்சீற்றில்தான் பிள்ளை இருந்து வரப்போகிறாள். அதுவரைக்கும் காசுப் பிரச்சினையாக இருந்தது அன்றைக்கு வேறு பிரச்சினையாகிவிட்டது.

ஸ்ரான்லி 1991வரைக்கும் யாழ்ப்பாணத்தில் இருந்தவர். 1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கிய பிறகு பெற்றோல் வராத ஊரில் மொறிஸ் மைனரையும் ஏ40ஐயும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களில் ஒருவர். கார்புரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற வித்தை. மண்ணெண்ணெய் அரைகுறையாக எரிந்து சைலன்சரை நிரப்பிவிடும். அவர்கள் அதைக் கழற்றி, நெருப்பில் போட்டுக் கரியைச் சுட்டு, தட்டிக் கொட்டி, பொத்தலுக்குப் பால்மாப் பேணித் தகடு சுற்றிக் கட்டித் திரும்பப் பூட்டுவார்கள். "அங்கை சைலன்சர் ஒண்டு எங்களிட்டை ஏழு பிறவி எடுக்கும்" என்பார்.

ஆகவே பொறுப்பு அவரிடம். கடையில் சைலன்சர் பசையும் துணிச்சுருள் போன்ற பண்டேஜும் வாங்கினோம். முற்றத்தில் கம்பித் தூரிகையால் கறளைத் தேய்க்கத் தேய்க்க ஓட்டை பெரிதாகிக்கொண்டே போனது. இந்த வேலையில் இறங்குகிற எவருக்கும் இதுதான் முதல் பாடம்: நல்ல தகரம் தென்படும்வரை தேய்க்கவேண்டும், ஆனால் நல்ல தகரம் இல்லாமலும் இருக்கலாம். பசை பூசி, பண்டேஜ் சுற்றி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுக் காயவைத்தோம். ஒன்பது நாள் தாங்கியது.

இரண்டாம் முறை ஒட்டியதற்கு மறுநாள்தான் விமானம் வருகிற நாள்.

ஷோனெஃபெல்ட் என்றால் வடிவான வயல் என்று அர்த்தம். எங்கள் ஆட்களில் ஒரு பகுதியினருக்கு ஐரோப்பாவின் வாசல் இதுதான். கிழக்கு ஜேர்மனியின் விமான நிலையம். 1984இலும் 1985இன் முற்பகுதியிலும் இங்கே வந்திறங்கி, ட்ரான்சிற் விசாவில் கிழக்குப் பேர்லினுக்கூடாக ஃபிரீட்ரிக்ஸ்ட்ராஸ ஸ்ரேசனுக்குப் போய், ரயிலேறினால் அடுத்த தரிப்பு மேற்குப் பேர்லின். மேற்குப் பக்கத்தில் பாஸ்போட் பார்க்க ஒருவரும் நிற்கமாட்டார்கள். சுவருக்கு நடுவில் ஓர் எல்லை இருக்கிறது என்பதையே மேற்கு நாடுகள் ஏற்றுக்கொள்ளவில்லை. ஏற்றுக்கொள்ளாத எல்லையில் சோதனை வைக்கமுடியாது. பெரிய அரசுகளின் வழக்குக்குள் ஒரு ஆள் நுழையக்கூடிய அளவு இடைவெளி. அண்ணை அதற்குள்ளால் 1985 மே மாதம் வந்தார். ஜூலையில், மேற்கு ஜேர்மன் விசா இல்லாத தமிழர்களுக்கு ட்ரான்சிற் கொடுப்பதில்லை என்று கிழக்கு ஜேர்மனி ஒத்துக்கொண்டது. 1986 ஒக்டோபரில் மற்ற நாட்டவர்களுக்கும் சேர்த்துக் கதவு பூட்டப்பட்டது.

1993இல் சுவர் இல்லை. ஆனால் எங்களுக்கு எல்லை இருந்தது. ரூடோ முடிந்தவுடன் பேர்லின் முடிகிறது. அதற்கு அப்பால் ஷோனெஃபெல்ட் பிராண்டன்பேர்க் மாநிலம். அசூல் வழக்கு முடியாதவர்கள் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட மாநிலத்தை அனுமதியில்லாமல் தாண்டக்கூடாது. முதல்முறை பிடிபட்டால் தண்டப்பணம். மறுமுறை என்றால் ஒரு வருடம்வரை சிறை என்று சட்டத்தில் இருந்தது. பேர்லினில் பதிந்தவர்கள் பிராண்டன்பேர்க்குக்குள் போய்வர 2010இல்தான் விட்டார்கள். ஸ்ரான்லி ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டவர். "நீங்கள் வரவேண்டாம்" என்று அண்ணை சொன்னார். "ஒட்டினவன் நான். நான் இல்லாமல் கார் போகாது" என்றார் ஸ்ரான்லி. கடைக்குட்டியும் ஏறிவிட்டான். பிள்ளைக்கென்று ஒரு பெரிய வட்டப் பேணி விசுக்கோத்து, மூடியில் சிவப்புச் சட்டைக் காவல்காரன் படம் போட்டது, வாங்கி மடியில் வைத்திருந்தான்.

பேர்லின் எல்லைப் பலகையைத் தாண்டி ஒரு கிலோமீற்றர் வந்திருக்காது. கல்லுப் பதித்த பழைய ரோட்டு. நாலைந்து குலுக்கலில் கீழே ஏதோ முறிந்து ரோட்டில் இழுபட்டது. அதோடு அந்தச் சத்தம். சைலன்சர் இல்லாத எஞ்சினின் சத்தத்தை நாங்கள் முன்னரும் கேட்டிருக்கிறோம்தான். ஆனால் இருட்டில், மரங்களுக்கு நடுவில், இருவர் சட்டவிரோதமாக இருக்கிற காரில் கேட்டதில்லை. அண்ணை எஞ்சினை நிற்பாட்டினார். விமானம் இறங்க ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

அந்த நாட்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அடுத்து நடந்தது விளங்காது. 1991 செப்ரெம்பரில் ஹொயெர்ஸ்வெர்டாவில் வெளிநாட்டவர் விடுதியைத் தாக்கியபோதும், 1992 ஓகஸ்ட்டில் ரொஸ்ரொக்கில் விடுதிக்கு நெருப்பு வைத்தபோதும் சனம் சுற்றிநின்று கைதட்டியதை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோம். நவம்பரில் ம்யோல்னில் ஒரு துருக்கிக் குடும்பத்தின் வீட்டை எரித்து, ஒரு பெண்ணையும் இரண்டு சிறுமிகளையும் கொன்றிருந்தார்கள். ஆகவே எங்களுக்குப் பின்னால் ஒரு கார் வேகத்தைக் குறைத்து, விளக்கை எரியவிட்டபடி நின்றபோது ஸ்ரான்லியின் கையில் சில்லுச் சாவி இருந்தது. கடைக்குட்டி விசுக்கோத்துப் பேணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தான்.

இறங்கியது ஒரு கிழவர். அவருடைய கார் ட்ரபான்ட். அதன் இரண்டு ஸ்ற்ரோக் எஞ்சினின் நீலப்புகை எங்கள் லைற்றுக்குள் மிதந்தது. வணக்கமும் சொல்லவில்லை, எங்கிருந்து வருகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. குனிந்து பார்த்து, "அவுஸ்புவ்" என்று சைலன்சருக்குரிய சொல்லை மட்டும் சொல்லிவிட்டுத் தன்னுடைய காரின் பின்பக்கத்தைத் திறந்தார். உள்ளே ஒரு கராஜ் இருந்தது. கம்பி, குறடு, பல அளவில் கிளிப்புகள், ஒரு துண்டு இன்னர் ரியூப், பாதி பாவித்த சைலன்சர் பசை, காட்போட் மட்டை.

ஸ்ரான்லி ஜக்கை வைத்து உயர்த்திவிட்டு உள்ளே போக வெளிக்கிட்டார். கிழவர் அவருடைய சப்பாத்தைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தார். எங்கள் ஸ்பெயர் சில்லைக் கழற்றி பொடிக்குக் கீழே படுக்கப் போட்டார், தன்னுடையதையும் கொண்டுவந்து அதன்மேல் அடுக்கினார். ஜக் சரிந்தால் கார் சில்லில்தான் விழும், ஆளில் விழாது. பிறகுதான் மட்டையை விரித்து, இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவருக்குத் தமிழ் தெரியாது. ஸ்ரான்லிக்கு டொச்சில் இருபது சொல்தான். உள்ளேயிருந்து "நைன்", "யா", "சரி சரி", "இல்லை அங்காலை" என்று இரண்டு பாஷையும் கலந்து வந்துகொண்டிருந்தன.

குழாய் நடுச் சைலன்சருக்குள் போகும் வாயில் வட்டமாக அறுந்திருந்தது. திரும்ப உள்ளே தள்ளலாம். ஆனால் வாயைச் சுற்றித் தகரம் இல்லை. சுற்றுவதற்குத் தகடு வேண்டும். இருவரும் வெளியே வந்து தேடினார்கள். எங்களிடம் ஒன்றுமில்லை. கிழவரின் கண் கடைக்குட்டியின் மடியில் நின்றது.

அவன் பேசாமல் மூடியைத் திறந்து விசுக்கோத்துகளைப் பேப்பரில் கொட்டிச் சுற்றினான். கிழவர் பேணியின் அடியைத் தகரக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, பக்கத் தகட்டை விரித்தார். நாலு விரல் அகலம், இரண்டு முழத்துக்குக் கிட்டிய நீளம். இதற்கென்றே அளந்து செய்த மாதிரி. குழாயை உள்ளே தள்ளி, சுற்றிவரப் பசையை அப்பி, தகட்டை இறுக்கி இரண்டு சுற்றுச் சுற்றி, இரு முனையிலும் கிளிப் போட்டு முறுக்கினார்கள். தொங்கும் றப்பர் அறுந்திருந்ததால் இன்னர் ரியூப்பில் ஒரு வளையம் வெட்டி, அதையும் நம்பாமல் கட்டுக்கம்பியாலும் பொடியோடு கட்டினார்கள். பசை சூட்டில்தான் இறுகும். இருபது நிமிடம் எஞ்சினை மெதுவாக ஓடவிடவேண்டும் என்று கிழவர் கைவிரல்களை இரண்டுமுறை விரித்துக் காட்டினார். பேணியின் பெயின்ற் எரிந்து மணத்தது.

அந்த இருபது நிமிடத்தில்தான் அவர் கொஞ்சம் கதைத்தார். கிழக்கு ஜேர்மனியின் விமானக் கம்பனியான இன்ரர்ஃப்ளூக்கில் மெக்கானிக்காக இருந்தவர். விமான நிலையத்துக்கு மறுபக்கம் டீப்பென்சே என்ற கிராமத்தில் வீடு. இந்தக் காருக்குப் பதின்மூன்று வருடம் காத்திருந்தாராம். உதிரிப்பாகத்துக்கு அதற்குமேல் காத்திருக்கவேண்டும், அதனால் எல்லோரும் எல்லாம் பழகிக்கொண்டார்கள் என்றார். பிறகு, "1991 ஏப்ரல் 30" என்றார். அன்றுதான் இன்ரர்ஃப்ளூக்கின் கடைசி விமானம் பறந்தது. அன்றுதான் ஸ்விக்காவ் தொழிற்சாலையில் கடைசி ட்ரபான்ட்டும் வெளியே வந்தது. "என்னுடைய வேலையும் என்னுடைய காரும் ஒரே நாளில்." இதை ஒரு பகிடியாகத்தான் சொன்னார். நாங்களும் சிரித்தோம். காசு நீட்டியபோது வாங்கவில்லை. கிளிப்புகளையாவது திருப்பித் தருகிறோம் என்று அண்ணை சொன்னார். "டீப்பென்சேயில் யாரையும் கேளுங்கள்" என்றுவிட்டுப் போனார்.

விமானம் முக்கால் மணித்தியாலம் பிந்தியது. அண்ணை தன் கையில் இருந்த கரியைக் கழுவப்போய், கழுவக் கழுவப் போகாமல் அப்படியே வந்தார். தான் வந்திறங்கிய மண்டபம் எது என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. அக்கா வந்தபோது அவரைத் தாண்டி இரண்டடி போய்விட்டுத்தான் திரும்பினா. பிள்ளை தாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "இவரோ?" என்று கேட்டாள். அவர்கள் ஜனவரியில் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தவர்கள். அந்த மாதம் 2ஆம் திகதி அதே கடலேரியில் கடற்படை சுட்டுச் சனம் செத்த கிழமைகள். அதைப்பற்றி அன்றைக்கு ஒருவரும் கதைக்கவில்லை. "குளிருதோ?" என்றுதான் கேட்டோம்.

காரில் ஏறியதும் நாலு கண்ணாடியையும் பாதி இறக்கிவிட்டோம். மார்ச் மாதக் குளிர். எங்கள் மூன்று கோட்டையும் பிள்ளைமேல் போட்டோம். "ஏன் தம்பி, கண்ணாடியள் திறந்து கிடக்கு?" என்று அக்கா கேட்டா. "காத்து நல்லதக்கா" என்றான் கடைக்குட்டி. புகை என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. சைலன்சர் தடிமன் பிடித்தவன் மூக்கால் கதைப்பதுபோல ஒரு சத்தத்தோடு ஓடியது. அண்ணை கல்லு ரோட்டில் நடைவேகத்தில் விட்டார்.

பேர்லின் எல்லைப் பலகை லைற்றில் தெரிந்தது. தாண்டினோம். "இனிப் பிரச்சினையில்லை" என்று ஸ்ரான்லி சொல்லி வாய் மூடவில்லை. கம்பி அறுந்தது, தகடு கழன்றது, வினாடிக்கு நூறு வெடியும் ஒரேயடியாகக் காருக்குக் கீழே திறந்தன.

பிள்ளை கத்தவில்லை. ஒரு கையால் தாயின் தலையைப் பிடித்து அமத்தி, தான் இரண்டு சீற்றுக்கும் நடுவில் கீழே குப்புறப் படுத்தாள். எவ்வளவு பழகியிருந்தால் ஒரு பிள்ளை அவ்வளவு சுறுக்காகப் படுக்கும். அக்காவும் அவளுக்கு மேலே கவிழ்ந்தா. "பிள்ளையைத் தூக்குங்கோ! கீழை விடாதையுங்கோ!" என்று ஸ்ரான்லி கத்தினார். புகை வருகிற இடம் அதுதான். அக்காவுக்கு அது விளங்கவில்லை. பிள்ளையை நிலத்திலிருந்து தூக்கச் சொல்கிறவனை அவ எப்படி நம்புவது? கடைக்குட்டி இழுக்க அவ தட்டிவிட, அண்ணை காரை ஓரத்தில் ஏற்றித் திறப்பைத் திருப்பினார்.

சத்தம் நின்ற பிறகும் பிள்ளை எழும்பவில்லை. "போட்டுதோ?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

அண்ணை இறங்கிப் பின்கதவைத் திறந்து, ரோட்டில் முழங்காலில் இருந்து, "இது ஹெலி இல்லையம்மா, கார். கார் பழுது" என்றார். அவர் அவளோடு பேசிய முதல் முழு வசனம் அது. ரோச் லைற்றைக் கொடுத்து, வா பார் என்றார். அவள் கனநேரம் யோசித்துவிட்டு இறங்கி, தகப்பனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, காருக்குக் கீழே லைற்றை அடித்துப் பார்த்தாள். சிவப்புச் சட்டைக் காவல்காரனின் பாதி, கருகிப்போய், ஒரு கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. "இது என்ன படம்?" என்றாள். கடைக்குட்டி பேப்பர்ச் சுருளை நீட்டினான்.

காரை அங்கேயே விட்டுவிட்டுப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ரூடோ சுரங்க ரயில் நிலையத்துக்கு நடந்தோம். அரைமணி நேரம். பிள்ளை விசுக்கோத்துத் தின்றுகொண்டு வந்தாள். தூள்தான் அதிகம்.

அந்தக் காருக்குப் பிறகு, உடைத்து விற்கிற இடம் ஒன்றில் 40 மார்க்குக்குப் பாவித்த சைலன்சர் எடுத்துப் பூட்டினோம். அதை முதலே செய்திருக்கலாம். ஸ்ரான்லி இன்றைக்கும் ஒத்துக்கொள்ளமாட்டார். றப்பர் வளையத்தை இரண்டு போட்டிருந்தால் தாங்கியிருக்கும் என்பார். பிள்ளையை ஏற்றுகிற காரில் பசையை நம்பக்கூடாது என்பது அண்ணையின் கட்சி. மற்ற விஷயங்களில் சண்டைபிடிக்காதவர்கள் இதில் மட்டும் முப்பது வருடத்துக்கு மேலாகப் பிடிக்கிறார்கள். அந்தப் பிள்ளை இப்போது சொந்தக் காரை வருடாவருடம் தவறாமல் கராஜில் விடுகிறா. சைலன்சர் கதையைச் சொன்னால், தனக்கு விசுக்கோத்து மட்டும்தான் ஞாபகம் என்கிறா.

கிளிப்புகள் திருப்பிக் கொடுக்கப்படவில்லை. போவோம் போவோம் என்று, வழக்கும் வேலையும் வீடு மாறுவதுமாகப் பதினைந்து வருடம் போய்விட்டது. போனபோது டீப்பென்சே இல்லை. புதிய விமான நிலையத்துக்காக அந்தக் கிராமத்தை முழுதாக எடுத்துவிட்டு, சனத்தைக் கோனிக்ஸ் வூஸ்ரர்ஹவுசன் பக்கம் புதிதாகக் கட்டிக் குடியேற்றியிருந்தார்கள். அங்கேயும் போய் விசாரித்தோம். பெயர் தெரியாமல் ஒரு கிழவரை, ட்ரபான்ட் வைத்திருந்தவர் என்று சொல்லி விசாரித்தால் யார் என்ன சொல்வது? அந்த ஊரில் எல்லோரும் ட்ரபான்ட் வைத்திருந்தவர்கள்தான். புதிய விமான நிலையம் 2020 ஒக்டோபர் 31ஆம் திகதி திறந்தது. நாங்கள் வந்திறங்கிய பழைய கட்டடத்தை ஐந்தாம் முனையம் என்று சில மாதம் வைத்திருந்துவிட்டு, 2021 பெப்ரவரியில் பூட்டினார்கள்.

ஒரு கிளிப் கருகிய தகட்டோடு போய்விட்டது. மற்றது ஸ்ரான்லியின் வீட்டுப் பின்வளவில், தண்ணீர்க் குழாய் ஒழுகாமல் இருக்கப் பூட்டியிருக்கிறது.